கேஸ் மட்டுமா காரணம்?

கார் ஏசி குளிரவில்லை என்றதும் "கேஸ் அடிச்சிடலாம் சார்" என்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. கைதேர்ந்த மெக்கானிக் முதலில், கம்ப்ரசர் கிளட்ச் 'டக்'கென்று பிடிக்கிறதா என்று காதைத் தீட்டுவார். பிறகு குழாய்களைத் தொடுவார்: தடித்தது சில்லென்று வியர்த்திருக்க வேண்டும், மெல்லியது சுட வேண்டும். அதற்கப்புறம்தான் அழுத்தம் பார்க்கும் நீல, சிவப்பு கேஜ்.

கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிவு; அதைத் தேடுவதில்தான் அழகே. பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ வாயு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதோடு சுற்றும் எண்ணெய் கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஜாயின்ட்டில் அந்தக் கருப்புப் பிசுக்கைக் கண்டதும் சோப்பு நுரை தடவுவார், குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஓ-ரிங் மாற்றி, வாக்குவம் போட்டு, கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ்.

கசிவைக் காட்டாமல் கேஸ் அடிப்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.