மௌன அஞ்சலியும் மரித்தோர் கடனும்

பேரிடர் நேர்ந்தால் கூட்டங்களில் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காப்பது இன்று உலக வழக்காகிவிட்டது. இதில் முஸ்லிம் பங்கேற்பது கூடுமா, கூடாதா என்பதோடு நம்மிடையே விவாதம் முடிந்துவிடுகிறது. அம்மௌனம் மரித்தோருக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி எழுவதேயில்லை.

வழக்கின் வேர் போரில் உள்ளது. 1918இல் கேப்டவுன் நகரில் நண்பகல் பீரங்கி முழங்கியதும் மக்கள் அசையாது நின்றனர். மறு ஆண்டு நவம்பர் 11 முதல் அது பிரிட்டிஷ் பேரரசெங்கும் பரவிற்று. காந்தியடிகள் சுடப்பட்ட ஜனவரி 30ஆம் நாள் காலை 11 மணிக்கு நம் நாடு மௌனம் காக்கிறது. ஆழிப்பேரலையில் மாண்டோருக்காக 2005 ஜனவரி 5 அன்று ஐரோப்பிய நாடுகள் மூன்று நிமிடம் நின்றன.

மௌனம் வணக்கமாகாது என்பதில் ஐயமில்லை. பேசாமல், அமராமல், வெயிலில் நிற்பதாக நேர்ந்துகொண்ட அபூ இஸ்ராயீலைப் பேசவும் அமரவும் நிழலுக்கு வரவும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததைப் புகாரி பதிவு செய்கிறது. நோன்பை மட்டும் நிறைவு செய்யச் சொன்னார்கள். ஆயினும் வணக்கமல்லாத அனைத்தும் வீணல்ல. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்துப்படக் காரணமும் கூறினார்கள். அவ்வழக்கு பின்னர் மாற்றப்பட்டதா என்பதில் ஃபிக்ஹு அறிஞர்கள் கருத்து வேறுபடுகின்றனர். அக்காரணம் மாற்றப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. எனவே எழுந்து நிற்பவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

என் குறை வேறு. ஜனாஸாத் தொழுகைக்கு முன் நபியவர்கள் ஒன்று கேட்பதுண்டு: இவருக்குக் கடன் இருக்கிறதா? ஒருமுறை, மய்யித்தின் கடனை அபூகதாதா (ரலி) ஏற்ற பின்னரே தொழவைத்தார்கள். மரித்தவர் பட்ட கடனுக்கே இத்துணை கவனம் என்றால், மரித்தவருக்கு நாம் பட்ட கடன்? மௌன அஞ்சலியில் இக்கேள்விக்கு இடமில்லை. நிமிடங்கள் கழிந்ததும் அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகிறோம்.

தொலைவில் சான்று தேட வேண்டாம். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி, கிளாவரை தாண்டினால் வட்டவடை. அதற்கும் அப்பால் மூணாறு. அங்கு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. தொலைத்தொடர்பு அற்றிருந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. அன்று மாலை கரிப்பூரில் விமானம் விழுந்து 21 பேர் இறந்தனர். விமானத்தில் இறந்தோர் குடும்பத்திற்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது; பெட்டிமுடிக்கு 5 லட்சம். அது முதற்கட்ட உதவியே என்று விளக்கம் தரப்பட்டது. ஆனால் இரு தொகைகளையும் அருகருகே கண்ட தொழிலாளிக்கு எந்த விளக்கம் போதும்?

இவ்விரு கூட்டத்தாருக்கும் ஒரே மேடையில் இரண்டு நிமிடம் நின்றால் மௌனம் சமமாகத்தான் இருக்கும். சரிவின் அடிவாரத்தில் லயங்கள் ஏன் இருந்தன, தலைமுறைகளாக உழைத்தவருக்குச் சொந்த மண் ஏன் இல்லை என்பவை அம்மௌனத்தில் கேட்காது. பின்னர் அரசு நிலம் தர, தோட்ட நிறுவனம் எட்டுக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. மற்ற மலைகளின் அடிவாரங்களில் லயங்கள் இன்னும் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்டில் மழையும் பெய்கிறது.