பழைய படங்களில் ஓடிய கார்கள்: எப்படி ரசிப்பது?

பழைய படத்தில் ஒரு கார் வந்ததும் ‘இது மஸ்டாங்’, ‘அது ஆஸ்டன் மார்ட்டின்’ என்று சொல்லக்கூடியவர்கள் நம் நடுவே நிறைய பேர் இருக்கிறார்கள். மாடல், வருடம், குதிரைத்திறன் எல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். அந்த அறிவு நல்லதுதான். ஆனால் ரசனை அங்கே தொடங்குவதில்லை. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வருவதற்கு முந்தைய படங்களில், திரையில் பாய்ந்த கார் தெருவிலும் பாய்ந்தது. ஒன்றரை டன் இரும்பை ஒரு மனிதர் நிஜமாகவே ஓட்டினார். அந்தக் கனமும் வேகமும் படச்சுருளில் பதிந்திருக்கின்றன. அதைக் கண்ணாலும் காதாலும் எடைபோடக் கற்றுக்கொண்டால், கார்களைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் இந்தப் படங்கள் வேறொரு சுகத்தைத் தரும்.

முதலில் காது

1968-இல் வந்த ‘புல்லிட்’ படத்தைப் பாடப்புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். இயக்கியவர் பீட்டர் யேட்ஸ். சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ் அதிகாரியாக ஸ்டீவ் மெக்வீன். அவரிடம் இருப்பது கரும்பச்சை ஃபோர்டு மஸ்டாங். அவரைப் பின்தொடரும் கொலைகாரர்களிடம் கறுப்பு டாட்ஜ் சார்ஜர். பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் சேஸிங்.

முதல் சில நிமிடங்கள் இரண்டு கார்களும் நிதானமாகத்தான் போகின்றன. லாலோ ஷிஃப்ரினின் இசை மெல்ல இறுகிக்கொண்டே வருகிறது. துரத்தி வந்தவர்கள் மஸ்டாங்கைத் தவறவிடுகிறார்கள். எங்கே போனான் என்று தேடும்போது, சார்ஜரை ஓட்டுபவர் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கிறார். பின்னால் மேட்டின் மேலேறி வருகிறது அதே மஸ்டாங். வேட்டைக்கு வந்தவர்களே இப்போது இரை. அந்த ஆள் ஒரு வார்த்தை பேசாமல் சீட் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறார். டயர் கிறீச்சிடுகிறது. இசை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு சேஸிங் முடியும்வரை எஞ்சினும் டயரும்தான் பேசுகின்றன.

இந்த இடத்திலிருந்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மஸ்டாங்கில் 6.4 லிட்டர் எஞ்சின், சார்ஜரில் 7.2 லிட்டர். இரண்டுமே எட்டு சிலிண்டர். கிளட்சை மிதிக்கும்போது உறுமல் ஒரு கணம் அறுபடுகிறது. கியர் விழுந்ததும் இன்னும் கனமாக எழுகிறது. மேட்டில் இழுக்கும்போது ஒரு குரல், வண்டி தரையை விட்டு எழும்பிச் சக்கரம் வெறுமனே சுழலும்போது வேறொரு குரல். எண்ணிக்கொண்டே வந்தால், வண்டியில் இருக்கும் கியர்களைவிட அதிகமான தடவை கியர் ஏற்றுவது கேட்கும். ஒலியமைப்பாளர்கள் எஞ்சின் சத்தத்தையே இசையாகக் கோத்திருக்கிறார்கள். ஷிஃப்ரின் ஒதுங்கி வழிவிட்டது இதற்காகத்தான்.

அடுத்து கனம்

இப்போது சத்தத்தை அணைத்துவிட்டு அதே காட்சியைப் பாருங்கள். காரின் முகப்பைப் பார்க்க வேண்டாம். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் தெருக்கள் செங்குத்தானவை. ஆனால் குறுக்குத் தெரு வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் சமதளமாகிவிடும். அதனால் வேகமாக இறங்கும் கார் ஒவ்வொரு சந்திப்பிலும் தட்டி எழும்பி, காற்றில் மிதந்து, மறுபடி விழுகிறது. விழும் நொடியில் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, மூக்கு தரையை முத்தமிட்டுவிட்டு நிமிர்கிறது. வளைவில் திரும்பும்போது உடம்பு முழுவதும் வெளிப்பக்கம் சாய்கிறது. இன்றைய கார்களில் இந்தச் சாய்வு மிகக் குறைவு. இன்றைய படங்களில் கம்ப்யூட்டரில் உருவான கார்கள் கனமே இல்லாமல் பறக்கின்றன. இந்தக் காரைப் பார்க்கும்போதோ வயிற்றைப் புரட்டுகிறது. காரணம், கேமராவை வண்டிக்குள்ளேயே பொருத்திப் பல காட்சிகளை எடுத்தார்கள். சில இடங்களில் வேகம் மணிக்கு 170 கிலோமீட்டரைத் தாண்டியது. இந்த வதையைத் தாங்குவதற்காக மேக்ஸ் பால்சோவ்ஸ்கி என்ற ரேஸ் கார் நிபுணர் வண்டிகளின் சஸ்பென்ஷனை முன்கூட்டியே பலப்படுத்திக் கொடுத்தார்.

ஒரு திருப்பத்தில் மெக்வீன் வேகத்தைக் கணிக்கத் தவறி, சக்கரம் பூட்டிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்விடுகிறார். டயரிலிருந்து புகை கிளம்ப ரிவர்ஸ் எடுத்து, மறுபடி துரத்துகிறார். வேறு யாராவது இருந்தால் வெட்டி எறிந்திருக்கக்கூடிய துண்டு. படத்தொகுப்பாளர் ஃபிராங்க் கெல்லர் அதை வைத்துக்கொண்டார். இந்தப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தத் தவறு இருப்பதால்தான் மற்ற திருப்பங்களில் மெக்வீன் காட்டும் லாகவத்தை நாம் நம்புகிறோம்.

சார்ஜரிலிருந்து வீல் கப்புகள் கழன்று ஓடுவதையும் எண்ணிப் பாருங்கள். நான்கு சக்கர வண்டியிலிருந்து நான்குக்கும் அதிகமாகக் கழன்று விழும். ஒரே பச்சை நிற ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை இரண்டு கார்களும் திரும்பத் திரும்ப முந்திச் செல்லும். இதைக் குறை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரே ஓட்டத்தைப் பல கோணங்களில் எடுத்து, பல தடவை ஓட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் வெளியே தெரியும் இடங்கள் இவை. வேலை நடந்த விதத்தைப் பார்வையாளருக்குக் காட்டிக்கொடுப்பவை.

ஓட்டுவது யார்?

‘புல்லிட்’டில் மஸ்டாங்கை மெக்வீன் ஓட்டிய பகுதிகளும் உண்டு, ஆபத்தான இடங்களில் பட் எகின்ஸ் போன்ற சண்டைக் கலைஞர்கள் ஓட்டிய பகுதிகளும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உள்ளே இருக்கும் ரியர் வியூ மிரரைப் பாருங்கள். அதில் மெக்வீனின் முகம் தெரிந்தால் ஓட்டுவது அவர். கண்ணாடி மேலே திருப்பப்பட்டிருந்தால் வேறொருவர். சார்ஜரை ஓட்டும் அந்த மௌனமான மனிதர் பில் ஹிக்மன், சாகசக் காட்சிகளில் கார் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ (1971) படத்திலும் அவருடைய கைவரிசையைப் பார்க்கலாம்.

இந்தக் கேள்வியை எல்லாப் பழைய படங்களிடமும் கேட்கலாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் காருக்குள் உட்கார்ந்து பேசும் காட்சிகள் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் எடுக்கப்பட்டன. நிற்கும் காரில் நடிகர் உட்கார்ந்திருப்பார். பின்னால் திரையில் சாலை ஓடும். மரநிழல் முகத்தில் விழுந்து விலகுகிறதா, ஸ்டியரிங் திரும்பும்போது பின்னால் சாலையும் திரும்புகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் அந்தக் காட்சியை ஒதுக்க வேண்டாம். அங்கே கார் ஒரு சின்ன அறை. இரண்டு பேர் தப்பித்துப் போக முடியாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் அறை. அதை நடிப்புக்காகப் பாருங்கள்.

இவருக்கு ஏன் இந்தக் கார்?

தொலைக்காட்சித் தொடரில் கார் வாரா வாரம் வரும். அதனால் அது ஒரு கதாபாத்திரமாகவே வளர்ந்துவிடும். சிறந்த உதாரணம் ‘கொலம்போ’. கசங்கிய மழைக்கோட்டும் அணைந்துபோன சுருட்டுமாக வரும் லாஸ் ஏஞ்சலஸ் துப்பறிவாளர். அவர் ஓட்டுவது மங்கிப்போன பெஜோ 403 ஓப்பன் டாப். யுனிவர்சல் ஸ்டுடியோவில் நின்ற வண்டிகளுக்கு நடுவே இதைத் தேர்ந்தெடுத்தவர், அந்தப் பாத்திரத்தில் நடித்த பீட்டர் ஃபாக்கேதான்.

கொலைகாரர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள். நீண்ட சரளைக்கல் பாதை, பளபளக்கும் கார்கள், மாளிகை. அந்த வாசலில் இந்த வண்டி வந்து நிற்கும்போது கொலைகாரர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்: இந்த ஆளால் என்னை என்ன செய்ய முடியும்? அவர் அந்த முடிவுக்கு வருவதுதான் அவருடைய வீழ்ச்சியின் தொடக்கம். கார் உண்மையில் சாதாரணமானது அல்ல. பினின்ஃபரினா என்ற இத்தாலிய நிறுவனம் வடிவமைத்த 403-இன் ஓப்பன் டாப் வகை சுமார் 2,000 மட்டுமே தயாரானது. வெளியே அழுக்கு, உள்ளே அபூர்வம். கொலம்போவும் அப்படித்தான். வண்டி வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரரின் முகத்தைப் பாருங்கள். அரைக் கதை அங்கேயே சொல்லப்பட்டுவிடும்.

சில பொருத்தங்கள் தற்செயலாக அமைந்தவை. ‘தி செயின்ட்’ தொடருக்கு முதலில் ஜாகுவாரிடம்தான் கார் கேட்டார்கள், அவர்கள் மறுத்துவிட்டார்கள். வால்வோ தன் புதிய பி1800-ஐத் தந்தது. அதில் நாயகனாக நடித்த ரோஜர் மூரையும் அந்த வெள்ளைக் காரையும் பிறகு யாராலும் பிரிக்க முடியவில்லை.

ஊரையும் சேர்த்துப் பாருங்கள்

1969-இல் வந்த ‘தி இத்தாலியன் ஜாப்’பில் தங்கத்தைக் கொள்ளையடித்தவர்கள் மூன்று மினி கூப்பர்களில் தப்புகிறார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம்: பிரிட்டனின் கொடி நிறங்கள். நடப்பது டூரின் நகரத்தில். அதாவது ஃபியட்டின் சொந்த ஊரில். ஃபியட் தன் கார்களைக் கொடுக்க முன்வந்தும் படக்குழு மினியை விடவில்லை. சரியான முடிவு. மூன்று மீட்டரை ஒட்டிய நீளம், பத்து அங்குலச் சக்கரம், குறுக்குவாக்கில் வைத்த எஞ்சின். அலெக் இசிகோனிஸ் 1959-இல் தந்த இந்தச் சின்ன வடிவத்தால்தான் அந்தக் கார்கள் கூரை மூடிய நடைபாதைகளிலும் தேவாலயப் படிகளிலும் ஆற்றுத் தடுப்பணையிலும் புகுந்து ஓட முடிகிறது. பிரெஞ்சு சண்டைக் கலைஞர் ரெமி ஜூலியனின் குழு ஓட்டியது. ஒரு கட்டத்தில் ஃபியட்டின் லிங்கோட்டோ தொழிற்சாலை மொட்டை மாடியில் இருக்கும் சோதனைத் தடத்திலேயே ஏறி ஓடுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது அளவு. காரின் அகலத்தையும் வழியின் அகலத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். அந்த நகரத்தின் உடம்பு எப்படிப்பட்டது என்பது காரின் வழியாகவே புரியும்.

முன்னால் ஓடும் காரோடு நிற்காமல் ஓரத்தில் நிற்கும் கார்களையும் பாருங்கள். அவற்றைப் பெரும்பாலும் யாரும் அலங்கரித்து வைக்கவில்லை; அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்ததால் இருக்கின்றன. நம் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் இது பொருந்தும். சென்னைத் தெருக் காட்சியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கடந்து போனால், அது 1961-இலோ அதற்குப் பிறகோ எடுத்த காட்சி. அந்த ஆண்டிலிருந்துதான் அந்த வண்டி சென்னையில் தயாரானது. அம்பாசடர்களும் ஃபியட் 1100-களும் எந்த விகிதத்தில் வருகின்றன, யார் பின்சீட்டில் உட்காருகிறார்கள், யார் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்பதில் ஒரு காலத்தின் சமூகமே தெரியும்.

காரே நாயகன்

வேகம் எதுவும் இல்லாத ஒரு கார் படத்தையும் கட்டாயம் பாருங்கள். ரித்விக் கட்டக்கின் வங்காளப் படம் ‘அஜாந்திரிக்’ (1958). சோட்டா நாக்பூர் பக்கத்துச் சின்ன ஊரில் பிமல் என்ற டாக்ஸி டிரைவர். அவனுடைய வண்டி லொடலொடத்த பழைய ஷெவர்லே; பெயர் ஜகத்தல். காயலாங்கடைக்குப் போடு என்று ஊரே கேலி செய்கிறது. அவன் அதோடு பேசுகிறான், கொஞ்சுகிறான், கோபித்துக்கொள்கிறான். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும்போது தாகம் தீரக் குடிக்கும் மடக் மடக் ஓசை கேட்கிறது. ஹெட்லைட் தானாகத் திரும்பிப் பார்க்கிறது. ‘புல்லிட்’டில் காதைப் பழக்கியவர்களுக்கு இந்தப் படத்தின் ஒலி ஒரு விருந்து. அங்கே எஞ்சின் இசையானது; இங்கே எஞ்சினுக்கு உயிர் வருகிறது.

எங்கே தொடங்குவது?

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ‘புல்லிட்’ சேஸிங்கை மூன்று முறை; ஒரு முறை காதால், ஒரு முறை ஒலியில்லாமல், மூன்றாவது முறை முழுசாக. மறுநாள் ‘இத்தாலியன் ஜாப்’. பிறகு ‘கொலம்போ’வின் ஏதாவது ஓர் அத்தியாயம். கடைசியில் ‘அஜாந்திரிக்’. மொபைலில் பார்க்காதீர்கள், பெரிய திரையும் நல்ல ஸ்பீக்கரும் வேண்டும்.

மெக்வீன் ஓட்டிய மஸ்டாங் 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்து, கட்டணங்களோடு சேர்த்து 37 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. பெயின்ட் மங்கியிருந்தது, துரு பிடித்திருந்தது. பளபளப்பாக்கி விற்க உரிமையாளர்கள் முயலவில்லை. வாங்கியவர் கொடுத்த விலை அந்தக் கார் எப்படி இருந்தது என்பதற்காக அல்ல, அது என்ன செய்தது என்பதற்காக. நாமும் பழைய படத்தின் கார்களை அதற்காகவே பார்ப்போம். பெயரும் மாடலும் போகப் போகத் தானாக வந்துசேரும்.