மௌனியின் யாளி

மௌனியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள்: மொழிக்கு அப்பாற்பட்ட அனுபவத்தை மொழியில் பிடிக்க முயன்றார். நானும் எழுதியிருக்கிறேன். இப்போது அது தவறு என்று படுகிறது. அனுபவம் உள்ளே முழுசாகத் தயாராக இருக்கிறது, மொழி அதற்குப் போட்ட சட்டை, மௌனியிடம் சட்டை சின்னதாகிப் போயிற்று என்ற எண்ணம்தான் அதன் அடியில் கிடக்கிறது.

மெர்லோ-போன்தி 1945-ல் வந்த 'புலன்காட்சியின் நிகழ்வியல்' நூலில் (நான் படித்தது ஆங்கிலத்தில்) இந்த எண்ணத்தைத்தான் தகர்க்கிறார். பேச்சு, முன்பே ஆகிவிட்ட சிந்தனையின் பெயர்ப்பு அல்ல. பேச்சிலேயே சிந்தனை நிறைவேறுகிறது. 1949 முதல் சில வருஷங்கள் ஸார்போனில் குழந்தை உளவியல் கற்பித்தவர் அவர். அது தற்செயல் அல்ல.

இங்கே அனந்தபுரத்தில், ஒன்றரை வயதில் என் மகள் காக்கையைக் 'காக்கா' என்றாள். மறுநாள் கொக்கும் காக்கா. கொடியில் காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்த என் வேட்டியும் காக்கா. வீட்டில் சிரித்தார்கள். வேட்டி என்கிற சொல் தெரியாததால் அப்படிச் சொன்னாள் என்பது நம் அகராதிப் புத்தி. படபடப்பு என்று ஒன்றைத் தனியாக நினைத்துவிட்டு அதற்குச் சொல் தேடவில்லை அவள். காக்கா என்று சொன்னதில்தான் வேட்டியின் சிறகு அவளுக்குக் கிடைத்தது. ஒரு வாரத்தில் திருத்திவிட்டோம். வேட்டி வேட்டியாயிற்று.

'அழியாச் சுடர்' (மணிக்கொடி, 1937) கதையில் கோயில் தூணிலிருக்கும் யாளி பின்கால்களில் எழுகிறது. தூண் யாளி எந்தக் கோயிலிலும் கல்லில் அப்படி நின்றுகொண்டுதான் இருக்கிறது. மௌனியிடம்தான் அது எழுகிறது. கதைசொல்கிறவனுக்குள் முன்பே இருந்த பயம் யாளியைக் குறியீடாக எடுத்துக்கொண்டது என்று வகுப்பில் விளக்குவார்கள். அந்த வாக்கியத்துக்கு முன்னால் அந்தப் பயம் எங்கே இருந்தது? யாளியோடு சேர்ந்து வாக்கியமும் தடுமாறி எழுகிறது. இலக்கணமாகத் திருத்தி எழுதிப் பாருங்கள், பழைய கல் யாளி திரும்பிவிடும்.

இதற்காகத் தடுமாற்றம் எல்லாமே பிறப்பு என்று சொல்ல மாட்டேன். பேசும் பேச்சு, பேசப்பட்டுவிட்ட பேச்சு என்று மெர்லோ-போன்தி பிரிக்கிறார். பிற்காலக் கதைகள் சிலவற்றில் மௌனியின் இருளும் சாயையும் இரண்டாவதில் சேர்ந்துவிட்டன. பாங்க் லெட்ஜரில் நான் 'மேற்படி' போடுவதுபோல விழுகின்றன. பக்தர்கள் கோபிக்கட்டும். சொல்ல முடியாததைச் சொன்னார் என்று கும்பிட்டுவிட்டால் இந்த இரண்டையும் பிரிக்கவே வழியில்லை.

என் பழைய கட்டுரையை எடுத்து அந்த வாக்கியத்தை அடித்தேன். அடித்த பிறகுதான், கட்டுரை முழுவதிலும் மௌனியின் வாக்கியம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை என்பது தெரிந்தது.