தங்கம் ஏன் சாக வேண்டும்?

ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். இந்தத் தடவை நானாக எடுத்துப் படிக்கவில்லை. எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன் என்னிடம் வாங்கிப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் மறுபடி புத்தகத்தைப் பிரித்தேன். கதையின் முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது. இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், சின்ன நாவல்தான்.

முதலில் படத்தைப் பற்றி. இந்த நாவலை ஜெயகாந்தனே இயக்கி 1965-ல் படமாக்கினார். அவர் இயக்கிய முதல் படம். வயது முப்பதுதான் தாண்டியிருந்தது. பெரிய கம்பெனியும் கிடையாது, பெரிய நட்சத்திரமும் கிடையாது. பின்னாளில் '16 வயதினிலே' படத்தில் மயிலின் அம்மாவாக வந்த காந்திமதி இதில் நடித்திருந்தார். 1964-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சத்யஜித் ராயின் 'சாருலதா' தங்கப் பதக்கம் வாங்கியது. அதே வரிசையில் மூன்றாவது சிறந்த படத்துக்கான நற்சான்றிதழ் இதற்குக் கிடைத்தது. ஆனால் விருது வாங்கிய படம் ஊர் ஊராக ஓடவில்லை. இன்றைக்கு யூடியூப்பில் பெயரைப் போட்டுத் தேடினால் 2009-ல் கமல்ஹாசன் நடித்த படம்தான் வந்து நிற்கிறது. பழைய படத்தைப் பார்க்க நான் எடுத்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. அதனால் கேமரா எங்கே நின்றது, வெளிச்சம் எப்படி விழுந்தது என்றெல்லாம் பேசப்போவதில்லை. எழுதியவரும் எடுத்தவரும் ஒருவரே. அவர் பக்கத்திலிருந்து திரைக்குக் கொண்டுபோன அந்தக் கதையோடுதான் எனக்கு வழக்கு.

கதை சுருக்கமாக இதுதான். சென்னைச் சேரி ஒன்றில் தங்கம் என்கிற சித்தாள். அவளுக்கு ஒரு மகன், சிட்டி. அப்பா என்று யாரும் கூட இல்லை. அம்மாவும் பிள்ளையும் மட்டுமான அந்தக் குடிசைக்குள் மாணிக்கம் என்கிற கிளி ஜோசியக்காரன் வருகிறான். தங்கத்துக்கு அவனைப் பிடிக்கிறது. சிட்டிக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது ரொம்பச் சாதாரண வார்த்தை, அவன் கொதிக்கிறான். மாணிக்கம் போய்விடுகிறான். தங்கம் வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறாள். குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்தும் போகிறாள். எந்தக் குழந்தையின் வரவை அவ்வளவு வெறுத்தானோ, அதைச் சிட்டி கையில் ஏந்துகிறான்.

பையன் பெரியவனாகிற கதை என்றால் நம் சினிமாவில் பெரும்பாலும் பள்ளிக்கூடம், முதல் காதல், ஊரை விட்டுக் கிளம்புகிற பஸ், அவ்வளவுதான். ஜெயகாந்தன் வேறு ஒரு அளவுகோலை வைக்கிறார். அம்மாவும் ஒரு மனுஷி, அவளுக்கும் உடம்பும் ஆசையும் தனிமையும் உண்டு என்று ஒரு பையனுக்கு எப்போது புரிகிறதோ அப்போதுதான் அவன் ஆம்பிளை. மீசையும் சம்பாத்தியமும் கணக்கில் வராது. எழுதி அறுபது வருஷம் ஆகியும் இது பழசாகவில்லை. தாய்ப்பாசத்தையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒரு சினிமாவுக்குள் நுழைந்து 1965-லேயே இதைச் சொல்லியிருக்கிறார் என்பதை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

இதே முடிச்சு பிரான்சுவா த்ருஃபோவின் 'நானூறு அடிகள்' (1959) படத்திலும் இருக்கிறது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுச் சுற்றுகிற அந்துவான், நடுத்தெருவில் தன் அம்மா வேறொருவனை முத்தமிடுவதைப் பார்த்துவிடுகிறான். மறுநாள் ஏன் லீவு என்று வாத்தியார் கேட்கும்போது சட்டென்று அவன் சொல்கிற பொய், அம்மா செத்துப்போயிட்டாங்க. சிறுவர்களைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் இதைவிடக் கூர்மையான ஒரு வசனம் எனக்குத் தெரியாது. பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்ட பையன் அம்மாவை வாயாலேயே கொன்றுவிடுகிறான். ஆனால் த்ருஃபோவின் கதையில் அது பொய்யாகவே இருக்கிறது. அம்மா உயிரோடு பள்ளிக்கூடத்துக்கே வந்து நிற்கிறாள். பையன் மாட்டிக்கொள்கிறான்.

ஜெயகாந்தனின் கதையில் அம்மா நிஜமாகவே செத்துவிடுகிறாள். இந்த இடம்தான் என்னை உறுத்துகிறது.

உறுத்துவதற்கு நான் இருக்கிற ஊரும் ஒரு காரணம். படம் வந்த அதே 1965-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானது. இங்கே பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பெங்களூர் கட்டட வேலைக்குப் போன குடும்பம் இல்லாத தெரு கிடையாது. மானாவாரி நிலம், மழை பொய்த்தால் வேலை இல்லை. மேஸ்திரி அட்வான்ஸ் கொடுத்து ஆள் சேர்த்துக்கொண்டு போவார். ஜோடியாகப் போவார்கள், சில பெண்கள் தனியாகவும் போவார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு ஊரில் இருக்கும். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் அம்மா வருவாள், நாலு நாள் இருப்பாள், ஓசூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள். அந்த நாலு நாளில் ஊர் வாய் சும்மா இருக்காது. யார்கூட போன் பேசுறா, புடவை ஏது, வரும்போது கூட வந்தது யாரு. இதெல்லாம் பையன் காதில் விழும். விழட்டும் என்றுதான் பேசுவார்கள்.

நான் சொன்ன பையனின் அம்மாவும் அங்கே சித்தாள் வேலைதான் செய்கிறார். கலவை சுமக்கிறது, தளம் போடுகிற நாளில் வரிசையில் நின்று சட்டி மாற்றுகிறது. அப்பா இல்லை. 'உன்னைப்போல் ஒருவன்' ஒரு சித்தாளின் மகன் கதை என்பதால் அவனுக்குப் பிடிக்குமே என்றுதான் கொடுத்தேன். கொஞ்சம் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன் என்றும் சொல்லலாம். ரெண்டு நாளில் படித்துவிட்டு வந்து திருப்பிக் கொடுத்தான். திண்ணையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்ணா, அவங்க அம்மா சாகாம இருந்திருந்தா சிட்டி பேசியிருப்பானாணா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை.

மறுபடி படித்தபோது அவன் கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று பட்டது. செத்தவர்களை மன்னிப்பது சுலபம். அவர்கள் மறுநாள் காலையில் எழுந்து காபி போட மாட்டார்கள். தெருக்குழாயில் நிற்கும்போது நாலு பேர் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஆகாது. இன்னொரு ஆள் திரும்பவும் வீட்டுக்கு வந்துவிடுவானோ என்கிற பயமும் இல்லை. தங்கம் உயிரோடு இருந்தால் சிட்டி தினமும் மன்னிக்க வேண்டும், தினமும் தோற்கவும் வேண்டும். அந்தக் கஷ்டமான பாதியை ஆசிரியர் எழுதவில்லை. ஏழைப் பெண்ணுக்கு ஆசைப்பட உரிமை உண்டு என்று அவ்வளவு தைரியமாகச் சொன்னவர், அந்த ஆசையோடு அவளை வாழ விடவில்லை. பிரசவத்தில் தாய் சாவது அந்தக் காலத்தில் சகஜம் என்று வாதாடலாம்தான். கதையில் ஒரு சாவு எப்போது வருகிறது, யாருக்கு வசதியாக வருகிறது என்று பார்க்க வேண்டும் இல்லையா? இந்தச் சாவு சிட்டிக்கு வசதியாக வருகிறது. நமக்கும்தான். அழுதுவிட்டு எழுந்து போய்விடலாம்.

அதே விருது வரிசையில் முதலில் நின்ற 'சாருலதா'வை நினைத்துப் பாருங்கள். அதிலும் ஒரு பெண்ணின் மனம் வேறிடம் போகிறது. ஆனால் முடிவில் அவள் உயிரோடு வாசலில் நிற்கிறாள். அவள் கை நீட்டுகிறாள், கணவனும் நீட்டுகிறான், தொடுவதற்கு முன் படம் உறைந்துவிடுகிறது. மன்னிப்பு நடந்ததா என்று ராய் சொல்லவில்லை. பங்களா வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த அந்த அவகாசம் சேரிப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

ஜெயகாந்தனுக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. 1966-ல் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். அந்தச் சிறுகதையில் கெட்டுவிட்டதாக ஊர் சொல்லக்கூடிய மகளை ஒரு அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாக்கிவிடுகிறாள். பிறகு அவரே அதை மாற்றி யோசித்தார். அம்மா மன்னிக்காமல் போனால், அந்தப் பெண் அதோடு வாழவேண்டி வந்தால்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1977-ல் பீம்சிங் அதைப் படமாக்கினார், லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு குடம் தண்ணீரில் தீராத கதையை அவரே பல நூறு பக்கம் எழுதிக் காட்டினார். கங்கைக்குக் கிடைத்த அந்த இரண்டாவது கதை தங்கத்துக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதனால் நாவல் சின்னதாகிவிடுமா? ஆகாது. நல்ல நாவலாக இருப்பதால்தான் அந்தப் பையனால் இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. தங்கத்தைக் கட்டையாகச் செதுக்கியிருந்தால் அவள் செத்தால் என்ன, இருந்தால் என்ன என்று போயிருப்பான். அவளை வாழ விட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றவைத்தவரும் ஜெயகாந்தன்தான்.

போன வாரம் அவனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அம்மா ஊருக்கு வந்திருந்தார், பெங்களூர் பஸ் ஏற்றிவிட வந்திருக்கிறான். பை அவன் தோளில் இருந்தது. ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே போய் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.