இணையவழிப் பள்ளி வகுப்பறைக்கு ஈடாகுமா?

இணையத்தின் வழி நடைபெறும் பள்ளி பழைய வகுப்பறைக்கு ஈடாகுமா என்னும் வினா, கொரோனாத் தொற்று ஓய்ந்த பின்னும் ஓயவில்லை. பேராக் மாநிலத்தில் இவ்வினாவுக்குத் தனிக் கூர்மை உண்டு. இங்குள்ள 134 தமிழ்ப் பள்ளிகளுள் பல, ரப்பர்த் தோட்டங்களில் தோன்றியவை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில துண்டாடப்பட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தெலுக் இந்தானுக்கும் பெயர்ந்தன. பள்ளி மட்டும் சில இடங்களில் பழைய மண்ணிலேயே, விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு நிற்கிறது. இருபது பிள்ளைகளுக்கு ஒரு கட்டடமும் ஒரு தலைமையாசிரியரும் ஐந்தாறு ஆசிரியரும் எதற்கு, ஒரு திரை போதாதா என்று கேட்பது, கணக்கு மட்டும் பார்ப்பவர்க்கு எளிது. ஆகவே விடை கூறுமுன் வினாவையே சற்று உரசிப் பார்த்தல் வேண்டும்.

இணையக் கல்வியை ஆதரிப்போர் காட்டும் காரணங்களை இழித்துரைத்தல் முறையன்று. நல்லாசிரியர் ஒருவரின் பாடம் எவ்வூர்ப் பிள்ளைக்கும் எட்டுகிறது. விளங்காத இடத்தில் நிறுத்தலாம்; மீண்டும் கேட்கலாம். வகுப்பில் கைதூக்க நாணும் பிள்ளை, வீட்டிலிருந்தபடி எழுத்தில் ஐயம் கேட்கிறது. இவற்றுள் மீண்டும் கேட்கலாம் என்பதே வலிமை மிக்கது. தமிழ் மரபும் இதற்குத் துணைநிற்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடங் கேட்கும் முறையை விரித்துரைக்கிறது. ஒரு பாடத்தை இருமுறை கேட்டவன் நூலில் பெரிதும் பிழைபட மாட்டான் என்றும், மும்முறை கேட்டவன் பிறர்க்கு முறையறிந்து உரைக்க வல்லவன் ஆவான் என்றும் அது கூறும். பதிவு செய்த பாடத்தை எத்தனை முறையும் கேட்க வைக்கும் கருவியைப் பவணந்தியார் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று ஒருவர் வாதிடலாம்.

ஆனால் அவர் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. அதனையடுத்தே, ஆசிரியர் கூறியதை முழுவதும் அமையக் கொண்டாலும் மாணவன் பெறுவது காற்கூறு புலமைதான் என்கிறார். மற்றொரு காற்கூறு, உடன் பயில்வாரோடு பழகுவதால் வருவது. எஞ்சிய இரு காற்கூறும் தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வருவன. கேட்டலுக்குக் கால், கூடிப் பயிலலுக்குக் கால், எடுத்துரைத்தலுக்கு அரை. அளவுகோலால் அளந்த கணக்கு இதுவன்று எனினும், பல தலைமுறை ஆசிரியரின் பட்டறிவு இதில் உறைந்திருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இன்று குழுமுறைக் கற்றல் என்றும், சக மாணவர் துணை என்றும் புதுப்பெயர் சூட்டிக் கற்பிப்பவை இப்பாயிரத்தில் முன்னரே இடம்பெற்றிருக்கின்றன.

இவ்வளவையைக் கொண்டு நோக்கினால் வினா மாறிவிடுகிறது. திரை எடுத்துச் செல்வது அந்த முதற் காற்கூற்றை. அதனைச் சிறப்பாகவே எடுத்துச் செல்லக்கூடும். மற்ற முக்காற்கூற்றுக்கு யார் பொறுப்பு என்பதே கேட்கப்பட வேண்டியது.

தோட்டப் பள்ளியின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளைப் பணித்தது. எழுந்த பள்ளிகள் பெருமைப்படத்தக்கவை அல்ல. தகரக் கூரை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்புக்கும் ஒரே கொட்டகை என்ற நிலை பல இடங்களில் நெடுங்காலம் நீடித்தது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பால்வெட்டப் போகும் தாயும் தந்தையும் நண்பகல் வரை வீட்டில் இல்லை. கைக்குழந்தைக்கு ஆயாக்கொட்டகை, சற்று வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளி. வீடு செய்ய இயலாததைச் செய்யும் இடமாகவே அது தொடக்கம் முதல் இருந்தது. மேலும், ஓராசிரியர் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளை கீழ்வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமல் பாடமே நடந்திராது. வறுமையால் நேர்ந்த ஏற்பாடுதான். ஆனால் பவணந்தியாரின் பின்னரைக் கூறு அங்கே நாள்தோறும் நிறைவேறியது. 1957-இல் நாட்டில் இருந்த தமிழ்ப் பள்ளிகள் 888. இன்று ஏறத்தாழ 530. மறைந்தவற்றுள் பெரும்பாலானவை இத்தகைய சிறு பள்ளிகளே.

இனி 2020-க்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடின, இடையிடையே திறந்தன, மீண்டும் மூடின, 2021 அக்டோபரில்தான் படிப்படியாக நிலைபெறத் திறந்தன. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்னும் பெயரில் வகுப்பறை வீட்டுக்கு மாற்றப்பட்டது. பெற்றோரிடையே கல்வி அமைச்சு தொடக்கத்தில் நடத்திய கணிப்பில், நூற்றுக்கு ஏறத்தாழ 37 மாணவரிடம் எவ்வகை மின்கருவியும் இல்லை எனத் தெரிந்தது. மடிக்கணினி உடையவர் பத்தில் ஒருவரினும் குறைவு. 2021 பிப்ரவரி 17-இல் டிடிக் தொலைக்காட்சி தொடங்கிற்று. 150,000 மாணவர்க்கு மடிக்கணினி வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2020-இல் நடைபெறாமல், 2021-இல் அறவே நீக்கப்பட்டமையால், முன்னும் பின்னும் ஒப்பிட உதவும் பொது அளவுகோலும் இல்லாமற் போயிற்று.

அக்காலத்தில் மிகுதியும் இழந்தவர் யார் என்று கேட்டால், தேர்வெழுத இருந்த மாணவரையே பலரும் சுட்டுவர். அவர்களினும் மிகுதியாக இழந்தவை, 2020 சனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த குழந்தைகள். முதல் மூடலுக்கு முன் வகுப்பறையில் அவர்கள் இருந்தது ஏறத்தாழ இரண்டரை மாதம். தமிழ் எழுத்துகளைக் கற்கும் பருவம் அது. எழுத்தைக் கற்பித்தல் என்பது வடிவத்தைக் காட்டுவதோடு முடிவதில்லை. லகரத்துக்கு நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். ளகரத்துக்கு நா மடிந்து அண்ணத்தைத் தொட வேண்டும். ழகரத்துக்கு மடிந்து, தொடாமல் நிற்க வேண்டும். இதனை ஆசிரியர் தம் வாயைக் காட்டிச் சொல்வார். பிறகு குழந்தையின் வாயைப் பார்ப்பார். முப்பது குரலில் ஒரு குரல் பிழைப்பதைக் காது பிரித்தறியும். சிறு கைப்பேசியில், பல குரல் ஒன்றாக ஒலிக்கையில் ழகரமும் ளகரமும் ஒரே ஓசையாகவே வந்து சேரும். ஒலிவாங்கியை ஒருவர் பின் ஒருவராகத் திறந்து கேட்பதற்குள் பாடவேளை கழிந்துவிடும்.

எழுதுதலும் அவ்வாறே. ஞகரத்தை எங்கே தொடங்கி எங்கே வளைப்பது, ணகரத்தின் சுழிகளை எந்த வரிசையில் இடுவது என்பவற்றைக் கையசைவில்தான் திருத்த இயலும். புலனத்தில் வந்து சேரும் வீட்டுப்பாடப் படத்தில் முடிந்த எழுத்து மட்டுமே இருக்கிறது. கீழிருந்து மேலே வரையப்பட்டதா, அக்காள் கைபிடித்து எழுதியதா என்பதைப் படம் சொல்லாது. அழகாக எழுதியிருக்கிறாய் என்று ஆசிரியர் ஒரு பூவை அனுப்பி வைப்பார். பிழை இரண்டாண்டு கழித்து வெளிப்படும்.

கருவிக் குறையே இவற்றுக்கெல்லாம் காரணம், கருவி கிடைத்தால் எல்லாம் சரியாகும் என்பது ஆதரிப்போர் மறுமொழி. இதற்கு நெதர்லாந்து நாட்டுச் சான்று தக்க விடையாகும். அகல அலைவரிசை வசதியில் உலகில் முன்னிற்கும் நாடு அது. 2020-இல் முதன்முறை பள்ளிகள் மூடியிருந்ததும் எட்டு வாரமே. தொடக்கப் பள்ளி மாணவரின் தேர்வுகளை மூடலுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வு, ஓராண்டுக் கல்வியில் ஐந்திலொரு பங்கு இழப்பைக் கண்டது. அஃதாவது, பள்ளி மூடியிருந்த கால அளவுக்கு ஏறத்தாழ ஒத்த இழப்பு. வீட்டிலிருந்து கற்றதால் விளைந்தது மிகச் சிறிது என்பது பொருள். கல்வி குறைந்த பெற்றோரின் வீடுகளில் இழப்பு இன்னும் மிகுந்திருந்தது. கருவிக்குக் குறைவில்லாத நாட்டிலேயே வேறுபாட்டை உண்டாக்கியது வீடு.

தொலைவழிப் பள்ளி எங்கேனும் வென்றதுண்டா எனில், உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951-இல் தொடங்கிய வானொலிப் பள்ளி அதற்குச் சான்று. நூற்றுக்கணக்கான மைல் தொலைவில், கால்நடைப் பண்ணைகளில் தனித்து வாழ்ந்த பிள்ளைகளுக்கு இருவழி வானொலியில் பாடம் நடந்தது. இன்று அது செயற்கைக்கோள் இணையத்தின் வழி நடக்கிறது. அதன் வெற்றியைப் புகழ்வோர் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் தாயோ, சம்பளத்துக்கு அமர்த்திய துணையாசிரியரோ நாள்தோறும் உட்கார்ந்திருக்கிறார். ஆண்டில் சில முறை பிள்ளைகள் நகருக்கு வந்து கூடிப் படிக்கின்றனர். ஆசிரியரும் அவர்கள் இல்லங்களுக்குச் சென்று வருவர். வகுப்பறையில் ஆசிரியர் செய்யும் வேலை அங்கே நீங்கிவிடவில்லை. வீட்டிலுள்ள பெரியவர் தலைக்கு மாறியிருக்கிறது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து உறங்கும் தாயையும், லாரியோடு வெளியூர் சென்றிருக்கும் தந்தையையும் உடைய சுங்கை சிப்புட் பிள்ளைக்கு அப்பெரியவர் யார்? இணையப் பள்ளி செலவு குறைந்தது என்னும் கணக்கில் அந்தத் தாயின் நேரம் எழுதப்படுவதே இல்லை.

தமிழ்நாட்டரசு இதனை உணர்ந்ததாகவே தோன்றுகிறது. கல்வித் தொலைக்காட்சி 2019 முதலே அங்கு இருந்தும், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, மாலை வேளைகளில் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பிக்கத் தன்னார்வலரை அனுப்பினர். திரையால் நிரம்பாத இடத்தை நிரப்ப ஆட்களே தேவைப்பட்டனர்.

எனினும் இணைய வகுப்புக்கு உரிய இடம் ஒன்று தெளிவாக உண்டு. இம்மண்ணில் தமிழ் இடைநிலைப் பள்ளி இல்லை. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் செல்கிறது. அங்கே குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் தமிழ் வகுப்பு நடத்தக் கல்விச் சட்டம் வகை செய்கிறது. தோட்டப்புறத்தை அடுத்த பள்ளிகளில் பதினைந்து பேர் சேராமற் போவதும், சேர்ந்தும் ஆசிரியர் அமையாமற் போவதும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்க விரும்பி வழியின்றி நிற்கும் மாணவர்க்கு இணைய வகுப்பு பெருந்துணை. அதற்கு ஒப்பான வகுப்பறை அங்கே இல்லையாதலின், ஈடாகுமா என்ற பேச்சுக்கும் இடமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை வாசிக்கக் கற்றுவிட்டது. தானே உட்கார்ந்து கேட்க வல்லது. ஏழு வயதுப் பிள்ளையையும் பதினைந்து வயதுப் பிள்ளையையும் ஒரே தட்டில் வைத்து வாதிடுவதாலேயே இவ்விவாதம் இத்தனை நாள் நீளுகிறது.

குறைந்த மாணவர் பள்ளிகளுக்கும் திரை உதவலாம். ஆனால் உதவும் முறை வேறு. தென்னமெரிக்காவின் உருகுவே நாட்டில் ஆங்கில ஆசிரியர் போதாமையால் 2012 முதல் தொலைவிலுள்ள ஆசிரியர் திரையில் தோன்றிக் கற்பிக்கின்றனர். வாரத்தில் ஒருமுறை அவர் வருவார். வகுப்பாசிரியர் அறையிலேயே இருப்பார். மற்ற நாள்களில் அதே பாடத்தை அவரே தொடர்ந்து நடத்துவார். பேராக்கில் அண்மையில் அமைந்த நான்கு சிறு தமிழ்ப் பள்ளிகள் இவ்வாறு கைகோக்கலாம். அறிவியலில் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் இருபது நிமிடம் நான்கு வகுப்புக்கும் ஒருங்கே விளக்குவார். பிறகு திரை அணைய வேண்டும். மீதிப் பாடவேளையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை தான் கேட்டதை நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் காட்டும். தவறும் இடத்தில் திருத்த அறையில் ஆசிரியர் இருந்தாக வேண்டும். ஆதலின், இவ்வேற்பாட்டைக் காட்டி அப்பள்ளிகளின் ஆசிரியர் எண்ணிக்கையில் ஒருவரையும் குறைக்க இயலாது.