செப்படி வித்தையும் கண்ணாடிக் கோப்பையும்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு திருப்பம். மூன்றாவது கதையிலேயே எரிச்சல் வந்துவிட்டது. 'வெறும் செப்படி வித்தை' என்று எழுதினேன். அந்த வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் விமர்சனத்தில் இந்தச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிற கல். கவிதையில் கொஞ்சம் சொல் விளையாட்டு தெரிந்தால் எடுத்து வீசிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

ஆனால் நான் செப்படி வித்தையை ஒருமுறைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. அது என்ன என்றுகூடத் தெரியாமல்தான் அந்தக் கல்லை வீசியிருக்கிறேன்.

செப்பு என்றால் சிறு கிண்ணம், சிமிழ். பிள்ளைகள் சோறு பொங்கி விளையாடும் செப்புச் சாமானில் இருப்பதும் இதே செப்புதான். கவிழ்த்து வைத்த கிண்ணங்களுக்கு அடியில் சிறு உருண்டைகள் தோன்றுவதும் மறைவதுமான ஒரு குறிப்பிட்ட வித்தைக்குச் செப்பிடு வித்தை என்று பேர். பேச்சில் அது செப்படி வித்தை ஆகி, பிறகு எல்லா ஏமாற்று வேலைகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் இதைத்தான் 'கப்ஸ் அண்ட் பால்ஸ்' என்கிறார்கள்.

இதன் ரகசியம் ஊரறிந்தது, அதனால் சொல்வதில் பாவமில்லை. மூன்று கோப்பைகள், மூன்று பந்துகள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பந்துகள் நான்கு. நான்காவது, வித்தைக்காரரின் விரல் மடிப்பில் இருக்கிறது. இடது கைக்குப் பந்தை மாற்றுவதுபோல் காட்டுவார், அது வலது கையிலேயே தங்கிவிடும். கோப்பையைத் தூக்கி, 'பாருங்க, இங்க ஒண்ணும் இல்ல' என்று திரும்ப வைக்கும் அந்த நொடியில் பந்து உள்ளே போய்விடும். நாம் சந்தேகப்படத் தொடங்கும்போது வேலை எப்போதோ முடிந்திருக்கும். வித்தைக்காரர் எப்போதும் நம்மைவிட ஒரு படி முன்னால் இருக்கிறார், அவ்வளவுதான். கடைசியில் கோப்பைகளைத் தூக்கினால் பந்துக்குப் பதில் எலுமிச்சம்பழம். எல்லார் கண்ணும் சின்னப் பந்தின் மேல் இருந்தபோது அந்தப் பெரிய பழம் உள்ளே போயிருக்கிறது.

சரி, தெரிந்துவிட்டது. இப்போது சுவாரஸ்யம் போய்விட்டதா?

ரோமானியத் தத்துவவாதி செனெகா, போய்விடும் என்றுதான் சொல்கிறார். கிட்டத்தட்ட 2000 வருஷங்களுக்கு முன்பு லூசிலியஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், வார்த்தை ஜாலம் செய்யும் தர்க்கவாதிகளை இதே கோப்பை வித்தையோடு ஒப்பிடுகிறார். ஏமாறுவதுதான் அதில் இன்பம், எப்படி என்று விளங்கிவிட்டால் ஆர்வம் போய்விடும் என்பது அவர் கருத்து. இந்த வித்தையை வைத்துச் சொல்லாளர்களைத் திட்டும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இன்றைய 'ஸ்பாய்லர்' பயமும் செனெகாவின் கட்சிதான். முடிவைச் சொல்லிட்டா படம் போச்சு என்கிறோம்.

செனெகாவுக்குப் பதில் சொன்னவர்கள் என்று நான் கருதுவது பென், டெல்லர் என்ற அமெரிக்க இரட்டையரை. 1970களிலிருந்து சேர்ந்தே மேடையேறுகிறார்கள். பென் மூச்சுவிடாமல் பேசுவார், டெல்லர் மேடையில் வாயே திறக்க மாட்டார். இந்த வித்தையை முதலில் வழக்கமான கோப்பைகளில் செய்துவிட்டு, அதையே உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கோப்பைகளில் மறுபடி செய்கிறார்கள். பந்து நுழைவது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. பென் ஒவ்வொரு கள்ள அசைவையும் வாயால் வேறு சொல்லிக்கொண்டே போகிறார். ஆனாலும் கண் தவறவிடுகிறது.

இது பிறந்த கதையை டெல்லரே சொல்லியிருக்கிறார். சாலையோர உணவகம் ஒன்றில் காலியான தண்ணீர் கிளாஸையும் கசக்கிய பேப்பர் நாப்கினையும் வைத்துக்கொண்டு பழகிக்கொண்டிருந்தார். கவிழ்த்த கிளாஸின் மேலிருந்து ஒரு காகிதப் பந்து சரிந்து கையில் விழுந்தது. அது விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில், தன் இன்னொரு கை அடுத்த கிளாஸுக்குள் பந்தை நுழைத்ததை அவரே கவனிக்கவில்லை. செய்தவரே ஏமாந்த இடம் அது. தான் எழுதிய வரியில் தானே வியந்து நிற்காத எழுத்தாளர் உண்டா?

2013இல் நரம்பியல் ஆய்வாளர்கள் டெல்லரையே செய்யவைத்து, அந்த வீடியோக்களை ஏழு பேருக்குப் போட்டுக்காட்டிச் சோதித்தார்கள். ஏழு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் முடிவுகள் யோசிக்கவைப்பவை. டெல்லரின் முகத்தை மறைத்துக் காட்டியும் பார்த்தவர்களின் கணிப்பு மாறவில்லை. வித்தைக்காரர் கண்ணால் திசைதிருப்புகிறார் என்ற நம்பிக்கை இங்கே பலிக்கவில்லை. உள்ளே தெரியும் கோப்பைகளில் பார்த்தவர்கள் கூடுதலாகவே சரியாகக் கவனித்தார்கள். பழகப் பழக இன்னும் மேம்பட்டார்கள். ஆக, வெளிப்படைத்தன்மை கண்ணுக்கு உதவத்தான் செய்கிறது. 'எல்லாம் தெரிந்தும் யாராலும் பிடிக்க முடியாது' என்று இதை நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிடித்த பிறகும் ஏன் பார்க்கிறோம்?

அக்கா மகளிடம் மூன்று எவர்சில்வர் டம்ளரும் டிஷ்யூ உருண்டைகளுமாக உட்கார்ந்தேன். ரெண்டு வாரப் பயிற்சி. இரண்டாவது டம்ளரிலேயே நான்காவது உருண்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆட்டம் முடிந்தது என்று டம்ளர்களை அடுக்கப் போனேன். "மாமா, அந்த நாலாவத ஒளிக்கிற எடம் மட்டும் மறுபடி பண்ணுங்க" என்றாள். ஏழெட்டுத் தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். டம்ளருக்கு அடியில் இருந்ததைப் பற்றி அவளுக்கு இப்போது கவலையே இல்லை. விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியென்றால் செப்படி வித்தை வசைச்சொல்லாக இருப்பதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஹெய்ரோனிமஸ் பாஷின் பெயரால் வழங்கும் 'வித்தைக்காரன்' ஓவியத்தில், கோப்பை மேசை மேல் வாய்பிளந்து குனிந்திருப்பவரின் பின்னால் ஒருவன் அவர் பணப்பையை உருவுகிறான். (அந்த ஓவியமே 1978இல் திருடுபோய்த் திரும்பக் கிடைத்தது தனிக்கதை.) நம் ஊர் சந்தைகளில் மூணு சீட்டு போடுகிறவரின் விரல்களிலும் இதே திறமை உண்டு. ஆனால் அவரால் கண்ணாடிச் சீட்டில் ஆட முடியாது. ரகசியம் வெளியே வந்தால் அவர் கடையைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான். வித்தைக்காரருக்கோ ரகசியம் போனாலும் கை இருக்கிறது.

ஒரு பிரதியைச் 'செப்படி வித்தை' என்று தள்ளுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை இதுதான் என்று நினைக்கிறேன். கோப்பையைக் கண்ணாடியாக்கிப் பாருங்கள். முடிவு தெரிந்து, உத்தி தெரிந்து, ஆசிரியர் நான்காவது பந்தை எந்தப் பத்தியில் ஒளித்தார் என்பதும் தெரிந்து மறுபடி படியுங்கள். அப்போதும் விரல்கள் கண்ணில் படுகின்றனவா?

அந்தத் தொகுப்பைப் போன வாரம் அப்படி மறுபடி படித்தேன். பதினோரு கதைகள். எட்டு அப்படியே சரிந்தன. என் எரிச்சல் அங்கே சரிதான். மூன்று நின்றன. குறிப்பாக ஒன்றில், அப்பா இறந்துவிட்டார் என்பதை ஆசிரியர் இரண்டாம் பக்கத்திலேயே, கொடியில் காயும் துணிகளைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் வைத்துவிட்டிருக்கிறார். வேட்டி இல்லை. முதல் வாசிப்பில் கடைசி வரித் திருப்பத்தை மட்டும் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறேன். இந்த முறை அந்தக் கொடியிடம் திரும்பத் திரும்பப் போனேன்.

மதிப்புரையில் அந்தக் கதையைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.