வாயில்களும் ஒளிப்படங்களும்: விகான் முதல் பத்து காவான் வரை

முன்னுரை

பழைய காலனித்துவ நகரங்களுக்குச் செல்வோர் பலரும் தம் ஒளிப்படக் கருவியை முதலில் திருப்புவது வளைவுகளின் மீதும் வாயில்களின் மீதுமேயாகும். குவாத்தமாலாவின் அந்திகுவா, பிலிப்பைன்சின் விகான் ஆகிய ஸ்பானிய நகரங்களை உலகம் பெரிதும் இத்தகைய படங்களின் வழியாகவே அறிந்துள்ளது. 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுனுக்கும் இன்று அதே நிலை வாய்த்துள்ளது. இப்படங்கள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டாது விடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயில் என்னும் சொல்

தமிழ் அகப்பொருள் மரபில் ‘வாயில்’ என்னும் சொல் கட்டட உறுப்பை மட்டும் குறிப்பதன்று. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று ஊடல் தணிக்கும் தோழி, பாணன், விறலி முதலியோரையும் தொல்காப்பியம் வாயில்கள் என்றே சுட்டுகின்றது. வாயில் வேண்டலும் வாயில் மறுத்தலும் அகத்துறைகளாக வளர்ந்தமை நாம் அறிந்ததே. நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலின் பெருமை, வெற்றிக்கொடி ஏந்திய யானை நுழையும் உயரத்தைக்கொண்டு உணர்த்தப்படுகின்றது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் வாயில், பொருநருக்கும் புலவருக்கும் அந்தணருக்கும் அடைக்கப்படாத வாயிலாகப் போற்றப்படுகின்றது. இரு நூல்களிலும் வாயிலின் சிறப்பு, அதனுள் யார் நுழைகின்றனர் என்பதனோடு இணைத்தே பேசப்பட்டுள்ளது நோக்கத்தக்கது. இதனையே ஒளிப்படங்களை மதிப்பிடும் அளவுகோலாகவும் கொள்ளலாம்.

ஸ்பானிய நகரின் வாயில்கள்

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு அயல்நாட்டில் இருந்த ஆண்டுகளில் விகானைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அந்நகரின் பழைய இல்லங்கள் கீழ்த்தளம் கல்லாலும் செங்கல்லாலும், மேல்தளம் மரத்தாலும் அமைந்தவை. குதிரைவண்டி நுழையுமளவிற்கு அகன்ற கதவும், அக்கதவிலேயே மனிதர் நுழைவதற்கென வெட்டப்பட்ட சிறு கதவும் அவற்றில் உண்டு. நாமும் அத்தகைய வாயிலொன்றைப் படமெடுத்தோம். வாயிலோரம் அமர்ந்திருந்த காய்கறி விற்கும் மூதாட்டி எழுந்து செல்லும்வரை காத்திருந்து, வளைவு சட்டத்தின் நடுவே வருமாறு எடுத்தோம். ஊர் திரும்பியபின் அப்படத்தை நோக்கியபோதுதான் நமது பிழை விளங்கிற்று. நாள்தோறும் திறந்து மூடப்பெற்ற சிறு கதவு வெறும் அணியாகிவிட்டது. வாயிலின் பயனை உணர்த்தியிருக்கக்கூடிய மூதாட்டி படத்திலேயே இல்லை.

‘ஸ்பானிய’ என்னும் அடைமொழியும் ஆய்வுக்குரியதே. 1999இல் உலக மரபுரிமைத் தகுதி பெற்ற விகானின் கட்டடக்கலை, பிலிப்பைன்ஸ், சீன, ஐரோப்பிய மரபுகளின் கலப்பாகும். ஆள்வோரின் பெயரை வளைவிற்குச் சூட்டும்போது அதனைக் கட்டியோரின் பெயர் மறைந்துவிடுகின்றது. ஸ்பானியரின் வாயில்களுக்கும் நம்மவர்க்கும் தொடர்பில்லை என்றும் கருதுவதற்கில்லை. 1762இல் மணிலாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயப் படை சென்னையிலிருந்தே புறப்பட்டது. அப்படையின் இந்தியச் சிப்பாய்களுள் சிலர் திரும்பாது, மணிலாவிற்கு அருகிலுள்ள காயிந்தாவில் குடியேறினர். மணிலாக் கோட்டை வாயில்களைக் காட்டும் படங்களில் இவ்வரலாற்றிற்கு இடம் கிடைப்பது அரிது.

ஜார்ஜ் டவுனும் வெறுமையின் அழகும்

பினாங்கில் 1862இல் தங்கிப் படமெடுத்த ஜான் தாம்சன் போன்றோர் ஈரக் கொலோடியன் முறையைக் கையாண்டனர். அம்முறையில் ஒளியைப் பதிவுசெய்யச் சில விநாடிகள் தேவைப்பட்டன. அசைந்து செல்வோர் மங்கலாயினர் அல்லது முற்றாக மறைந்தனர். ஆகவே அக்காலத் தெருப்படங்களின் வெறுமைக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. விநாடியின் சிறு பகுதியில் படம் பதிவாகும் இக்காலத்தில் அக்காரணம் இல்லை. ஆயினும், ஆளற்ற வாயிலே அழகு என்னும் எண்ணம் நீங்கவில்லை. விடியற்காலையில் சென்று, தெரு விழிக்குமுன் படமெடுத்துத் திரும்புவது இன்றும் ஒரு நெறியாகவே போற்றப்படுகின்றது.

இதனால் நேரும் இழப்பை ‘அஞ்சடி’ நன்கு உணர்த்தும். கடைவீடுகளின் முன் வரிசையாக வளைவுகள் தொடரும் இந்நடைவழியை நம் மக்கள் அஞ்சடி என்றே வழங்குகின்றனர். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குமிடமாகவும் வணிகம் நிகழுமிடமாகவும் விளங்கும் அது, திண்ணைக்கு நெருங்கிய உறவுடையது. படங்களிலோ அது ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிச் செல்லும் வளைவுகளின் வடிவக் கணிதமாகின்றது. சூலியா தெருப் பகுதியிலுள்ள நாகூர் தர்காவும் குவீன் தெருவிலுள்ள மாரியம்மன் கோவிலும் இவ்வாறே காட்டப்படுகின்றன. 1833இல் அமைந்த அக்கோவிலின் இராஜகோபுரம் 1933இல் எழுந்தது. படங்களில் கோபுரம் முழுமையாக இடம்பெற, காலணியைக் கழற்றி வைத்து நுழையும் அடியவர் சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

சுவரின் பூச்சிலும் வரலாறு உண்டு. சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம் ஆகியவற்றைக் குழைத்துச் செய்யும் ‘சென்னைச் சுண்ணம்’ நீரிணைக் குடியேற்றங்களிலும் பயன்பட்டது. இந்தியக் கைதிகள் கட்டிய சிங்கப்பூர்ப் புனித அந்திரேயா பேராலயம் இதற்குத் தக்க சான்றாகும். வெண்மையை மட்டும் காட்டும் படம் இவ்வுழைப்பைத் தானாகக் கூறாது; உடன் நிற்கும் குறிப்புரையே கூறவேண்டும்.

பத்து காவான்

ஆறுகளால் சூழப்பட்டுத் தீவாக விளங்கிய பத்து காவான், 19ஆம் நூற்றாண்டில் கரும்பு விளைந்த நிலம். பின்னர்த் தோட்டத் தொழிலாளரின் வாழ்விடம். 2014ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் 24 கிலோமீட்டர் நீளமுடைய இரண்டாம் பாலம் திறக்கப்பட்டபின், இவ்வூரே பினாங்கிற்கு ஒரு வாயிலாயிற்று. தொழிற்பேட்டைகளும் பெரும் கடைத்தொகுதிகளும் எழுந்துள்ளன. இங்கு ஸ்பானிய வளைவுகளோ அஞ்சடி வரிசைகளோ இல்லை. இருந்தவை லயத்து வீடுகளின் பலகைக் கதவுகள். அவற்றின் மேல் மாவிலைத் தோரணம், முன்னே கோலம், ஓரத்தில் மிதிவண்டி.

அக்கதவுகளைக் கலைப்பொருளாகக் கருதிப் படமெடுத்தோர் மிகச் சிலரே. நாம் கண்ட லயத்து வாயில் படங்கள் யாவும் திருமணம், பூப்புனித நீராட்டு, இறப்பு ஆகியவற்றின்போது குடும்பத்தார் எடுத்தவை. அவற்றில் வாயில் பின்னணி மட்டுமே. கோணம் சாய்ந்திருக்கும், ஒளி மிகுந்திருக்கும். எனினும் யார் நுழைந்தார், யார் வழியனுப்பினார் என்பது அவற்றில் தெளிவாகத் தெரியும். நாம் முன்னர்க் கொண்ட அளவுகோலின்படி இவையே முழுமையான வாயில் படங்களாகும்.

முடிவுரை

ஜார்ஜ் டவுனில் மரபுரிமை எல்லைக்குள் நிற்கும் வாயிலுக்குப் படமின்றியும் பாதுகாப்பு உண்டு. தோட்டத்தில் கதவு பெயர்க்கப்பட்டபின் எஞ்சுவது படம் ஒன்றே. எனவே பள்ளிகளில் வட்டார வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர் இல்லங்களிலுள்ள இத்தகைய படங்களை உரியவர் இசைவுடன் படியெடுத்து, ஆண்டு, இடம், நிகழ்வு, படத்திலிருப்போரின் உறவுமுறை ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். படத்திலிருப்போரை அறிந்த மூத்தோர் குறைந்துவரும் காலத்தில் இப்பணியைத் தள்ளிப்போடுதல் தகாது. ஆளற்ற வளைவுகளின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வாயில் என்னும் சொல்லுக்குள் மனிதரையும் வைத்த மொழிக்குரியோர், படத்திலும் அவர்களுக்கு இடமளிப்பதே முறையாகும்.